புதிய வரி இல்லை, திட்டம் எதுவும் குறையவில்லை, பற்றாக்குறை மட்டும் எப்படிக் குறைகிறது?

பட்ஜெட் நாள் வந்தால் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டே வரும். ஒன்று, 'புதிய வரி எதுவும் இல்லை'. இன்னொன்று, 'வருவாய்ப் பற்றாக்குறை குறைகிறது'. 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த தமிழ்நாடு பட்ஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25-க்கு 46,467 கோடி ரூபாய் என்று திருத்திப் போட்ட பற்றாக்குறை, 2025-26-இல் 41,635 கோடியாக இறங்கும் என்றது அந்தக் கணக்கு. உரையில் புதிய வரி இல்லை. மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய், கட்டணமில்லாப் பேருந்து, ரேஷன் அரிசி எதுவும் நிற்கவில்லை. போதாததற்குக் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது கைக்கணினி என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. வரியை ஏற்றவில்லை, செலவைக் குறைக்கவில்லை, அப்புறம் இடையில் இந்த 4,832 கோடி ரூபாய் எங்கிருந்து வந்தது?

யாரோ கொடுத்திருக்க வேண்டும், அல்லது கொடுப்பார்கள் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த 'யாரோ' யார் என்று தேடுவதற்கு முன்னால், எதைச் 'சமன்' என்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம்.

எது சமன்?

பட்ஜெட் புத்தகத்தில் வரவும் செலவும் எப்போதுமே ஏறக்குறைய நேராகிவிடும், ஏனென்றால் வாங்கும் கடனையும் வரவுப் பக்கத்தில்தான் எழுதுவார்கள். அதனால் அந்தச் சமனுக்கு அர்த்தமில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு பற்றாக்குறைகள்.

1. வருவாய்ப் பற்றாக்குறை. வரி, கட்டணம், மத்திய அரசு தரும் பங்கு, மானியம் ஆகியவை ஒரு பக்கம். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியங்கள் என்ற அன்றாடச் செலவு மறுபக்கம். 2025-26-இல் வரவு 3,31,569 கோடி, செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது 41,635 கோடி.

2. நிதிப் பற்றாக்குறை. மேலே சொன்னதோடு சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவையும், அரசு கொடுக்கும் கடன்களையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பது. அது 1,06,963 கோடி, மாநிலப் பொருளாதாரத்தின் மொத்த மதிப்பில் 3 சதவீதம்.

இதை ஒரு வீட்டுக் கணக்காகச் சுருக்கினால், மாதச் சம்பளம் 30,000 ரூபாய் வாங்குகிறவருக்குச் செலவு 33,800 ஆகிறது. மீதி 3,800 ரூபாய் மளிகைக் கடை நோட்டில் ஏறுகிறது. இது வருவாய்ப் பற்றாக்குறை. இது போக வீடு கட்டத் தனியாகக் கடன் வாங்குகிறார், அதையும் சேர்த்தால் நிதிப் பற்றாக்குறை. வீட்டுக்கு வாங்கும் கடனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அரிசி பருப்புக்கு மாதாமாதம் கடன் என்றால்தான் வீட்டில் சத்தம் வரும். தமிழ்நாடு 2025-26-இல் வாங்கத் திட்டமிட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் 39 ரூபாய் இந்த அரிசி பருப்புக் கணக்கில்தான் போகிறது.

(குடும்ப உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். குடும்பத் தலைவருக்கு வயதாகும், வேலை போகும். மாநிலத்துக்கு ஓய்வு பெறும் வயது கிடையாது, வருமானம் வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் 9.3 லட்சம் கோடிக் கடன் என்று கேட்டதும் பதறாமல், பொருளாதார அளவில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். 2026 மார்ச் இறுதிக்கான மதிப்பீடு 26.07 சதவீதம்.)

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 2011-12-இலும் 2012-13-இலும் தமிழ்நாட்டின் வருவாய்க் கணக்கில் கொஞ்சமாவது உபரி இருந்தது. 2013-14-இல் பற்றாக்குறைக்குப் போனது, அப்புறம் திரும்பவே இல்லை. கொரோனா ஆண்டான 2020-21-இல் பள்ளம் ஏறக்குறைய 62,000 கோடி. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கடனைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்டால் தலைக்கட்டுக்கு 2,63,976 ரூபாய் என்று கணக்குச் சொன்னது நினைவிருக்கலாம்.

சமன் செய்யச் சொல்வது யார்?

அமெரிக்காவில் வெர்மான்ட் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் பட்ஜெட்டைச் சமன் செய்தே ஆக வேண்டும் என்று ஏதோ ஒரு வடிவில் சட்டம் இருக்கிறது. இங்கே 2003-இல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்க வேண்டும், நிதிப் பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கெடு நெருங்கும்போதெல்லாம் திருத்தம் வந்து கெடுவைத் தள்ளி வைக்கும், அது தனிக்கதை.

உண்மையான கடிவாளம் அரசியல் சட்டத்தின் 293(3)-ஆவது பிரிவில் இருக்கிறது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம், அதன் அனுமதி இல்லாமல் புதிதாகக் கடன் வாங்க முடியாது. எல்லா மாநிலத்துக்கும் பாக்கி இருக்கிறது. நோட்டு அடிக்கும் உரிமையும் மாநிலத்துக்கு இல்லை. ஆகவே டெல்லி சொல்லும் வரம்புக்குள் நின்றாக வேண்டும்.

நேர்வழி ஏன் அடைபட்டிருக்கிறது?

செலவைக் குறைப்பது எளிது என்று சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். 2025-26-இல் சம்பளம் 90,464 கோடி, ஓய்வூதியம் 41,290 கோடி, வட்டி 70,754 கோடி. மூன்றும் சேர்ந்தே 2,02,508 கோடி, அதாவது வருவாயில் 61 சதவீதம். வட்டியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைத்தால் கோட்டை முற்றுகைதான். மிச்சத்தில் பெரியது மானியங்களும் உதவித்தொகைகளும், 1,53,724 கோடி. ரேஷன், பேருந்து, இலவச மின்சாரம், உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது எல்லாம் அதில்தான். ஒரு பேச்சுக்கு மகளிர் உரிமைத்தொகையையே நிறுத்திவிட்டால்? 1.15 கோடிப் பெண்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றால் 13,800 கோடி. பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும்.

வரிப் பக்கமும் அப்படித்தான். வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு, 2,20,895 கோடி, மாநிலத்தின் சொந்த வரி. ஆனால் 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரும்பாலான பொருட்களின் வரி விகிதத்தை ஜி.எஸ்.டி. மன்றம்தான் முடிவு செய்கிறது, மாநிலம் தனியாக அரை சதவீதம்கூட ஏற்ற முடியாது. கையில் மிஞ்சியவை பெட்ரோல்-டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி. பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு: 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தபோது ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றார்கள், ரூபாய்க்குச் சுமார் 387 கோடி. அதே விற்பனை அளவை வைத்தால், 41,635 கோடிப் பள்ளத்தைப் பெட்ரோலால் மட்டும் நிரப்ப லிட்டருக்கு இன்னும் சுமார் 108 ரூபாய் ஏற்ற வேண்டும்! 'வரி ஏற்றவில்லை' என்பதில் இரக்கம் பாதி இருந்தால், ஏற்ற இடமில்லை என்பது மீதி.

மத்திய வரிப் பங்கு இன்னொரு புண். மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் மத்திய வரித் தொகையில் 15-ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 4.079 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் இங்கே இருந்தவர்கள் கிட்டத்தட்ட 6 சதவீதம். வரிக்கு மேல் செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் டெல்லி கூடுதலாக வசூலிப்பது இந்தப் பங்குக்குள் வரவே வராது.

ஆகவே நேர்வழி இரண்டும் குறுகல். மிச்சம் இருப்பவை சந்து பொந்துகள்தான். சில நியாயமானவை, சில கண்கட்டு.

பணம் வரும் வழிகள்

1. விகிதத்தைத் தொடாமல், சில நேரம் குறைத்தும்கூட, வசூலைக் கூட்டுவது

இதற்குப் பத்திரப்பதிவைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2017 ஜூனில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்காக அரசு வைக்கும் மதிப்பு) 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்தார்கள். முத்திரைத்தாளும் மாற்று வரியும் சேர்ந்த 7 சதவீதத்தை யாரும் தொடவில்லை.

இப்போது 1,200 சதுர அடி மனை ஒன்றைப் பதிவு செய்யப் போகிறோம், சதுர அடிக்குப் பழைய வழிகாட்டி மதிப்பு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

2017 ஜூனுக்கு முன்: 12 லட்சத்துக்கு 8 சதவீதம், 96,000 ரூபாய்.
அதன் பிறகு 2023 மார்ச் வரை: 8.04 லட்சத்துக்கு 11 சதவீதம், 88,440 ரூபாய்.
2023 ஏப்ரலில்: 12 லட்சத்துக்கு 9 சதவீதம், 1,08,000 ரூபாய்.

விகிதம் 11-லிருந்து 9-ஆக இறங்கியது, மனை வாங்கியவர் கூடுதலாகக் கட்டியது 19,560 ரூபாய். 'பதிவுக் கட்டணம் குறைப்பு' என்று தலைப்புப் போட்ட பத்திரிகையும் பொய் சொல்லவில்லை, பத்திர எழுத்தரிடம் தொகையைக் கேட்டுத் தலையில் கைவைத்தவரும் பொய் சொல்லவில்லை.

இதே வகையில் கட்டணங்களும் அடங்கும். சட்டத்தின் கண்ணில் கட்டணம் வரியாகாது, பர்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2022 ஏப்ரலில் சொத்து வரி, வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. ஆனால் அது மாநகராட்சி, நகராட்சிகளின் கணக்கு, மாநில பட்ஜெட்டில் 'வரி உயர்வு' என்று அது தென்படாது. அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது, அது மின்வாரியத்தின் கணக்கு.

வரியே வந்தாலும் பட்ஜெட் நாளில்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கனிமம் கிடைக்கும் நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டே தமிழ்நாடு அதற்கொரு சட்டம் கொண்டுவந்து, 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. உடனே குவாரிகள், கிரஷர்கள் வேலைநிறுத்தம், ஜல்லி, எம்-சாண்ட் விலை உயர்வு, பிறகு பேச்சுவார்த்தை நடந்து கனிமம் எடுப்பதற்கு அரசு வாங்கும் சீனியரேஜ் கட்டணத்தில் குறைப்பு. வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த பட்ஜெட் 'வரியில்லா பட்ஜெட்'டாக இருந்திருக்காது.

2. மது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 ஜூனில் 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். 2023-24 வருவாய் 45,855 கோடி, 2024-25-இல் 48,344 கோடி. கடை குறைந்தது, வருவாய் ஏறியது. நடுவே 2024 பிப்ரவரியில் குவார்ட்டருக்கு 10 ரூபாய் விலையும் ஏறியது. மாநிலத்தின் சொந்த வரியில் நாலில் ஒரு பங்கு இந்த ஒரு கவுண்டரிலிருந்து வருகிறது. வரி உயர்வு என்று யாரும் போராடாத ஒரே பொருள் இது. கொடுப்பவர் பெரும்பாலும் தினக்கூலி வாங்குகிறவர் என்பதை எந்தப் பட்டியலிலும் எழுத மாட்டார்கள்.

3. ஒழுகலை அடைப்பது

எல்லாக் கட்சிகளும் சொல்லும் வழி, சில நேரம் உண்மையிலேயே வேலை செய்யும் வழி. கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று 2021-இல் அறிவித்தபோது சுமார் 48 லட்சம் கடன்களை ஆராய்ந்தார்கள். ஒரே ஆள் பல சங்கங்களில் அடகு வைத்தது, ஒரே குடும்பத்தில் பலர் பெயரில் எடுத்தது, 5 பவுனுக்கு மேல் போனது என்று ஆதாரையும் ரேஷன் அட்டையையும் ஒத்துப் பார்த்து, 35 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களைத் தகுதியில்லை என்று ஒதுக்கினார்கள். அறிவிப்பு அப்படியே இருந்தது, செலவு இறங்கியது.

ஆனால் ஒதுக்கப்பட்டவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் அகராதியில் அதன் பெயர் திட்டக் குறைப்பு. அவருடைய வீட்டில் அம்மா பெயரில் ஒரு நகை, மனைவி பெயரில் ஒரு நகை என்று அவசரத்துக்கு வைத்திருப்பார், அதில் மோசடி எதுவும் இருக்காது. ஒழுகல் எது, உரிமை எது என்று கோடு போடுவது கணினிக்கு எளிது, கிராமத்தில் கடினம். இன்னொன்று, ஓட்டையை ஒரு முறைதான் அடைக்க முடியும். இந்த ஆண்டு மிச்சப்பட்டது அடுத்த ஆண்டும் புதிதாக மிச்சப்படாது.

4. நாளைக்குத் தள்ளிப் போடுவது

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு, கஜானா காலி. அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59-ஆக உயர்த்தினார்கள், 2021-இல் 60 ஆக்கினார்கள். கேட்பதற்கு ஊழியர்களுக்குச் செய்த சலுகை போலிருக்கும். கணக்கில் நடந்தது என்னவென்றால், அந்த ஆண்டுகளில் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர்களுக்குப் பணிக்கொடை, விடுப்புப் பணம், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் தொகை எல்லாம் சேர்த்து ஒவ்வொருவருக்கும் லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தள்ளிப் போட முடிந்தது. அந்தத் தொகை எங்கும் போய்விடவில்லை. 2020 மே மாதம் 58 முடித்தவர் 2022 மே மாதம் மேசையில் வந்து நின்றார். இந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்கு உச்சபட்சச் சம்பளம் போனது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதிக் காத்திருந்த பையனோ பெண்ணோ இரண்டு வயது கூடிக் காத்திருந்தார்கள். 'வரி ஏற்றவில்லை, சேவையைக் குறைக்கவில்லை' என்ற வாசகத்துக்கு அன்று விலை கொடுத்தது பெரும்பாலும் அவர்கள்தான்.

அதே காலத்தில் ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணமாக்குவதை நிறுத்தி வைத்தார்கள். ஓராண்டுக்கு என்று தொடங்கியது, திரும்பி வந்தது 2025 அக்டோபர் 1-இல்.

கலிஃபோர்னியா 2009-இல் செய்ததை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே நிதியாண்டு ஜூன் 30-இல் முடியும். ஊழியர்களின் ஜூன் 30 சம்பள நாளை ஜூலை 1-க்கு நகர்த்தினார்கள். ஒரே ஒரு நாள்! அந்த நிதியாண்டில் ஒரு மாதச் சம்பளச் செலவு காகிதத்திலிருந்து மறைந்தது.

5. வேறொரு நோட்டில் எழுதுவது

மின்வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் தனி நிறுவனங்கள். அவற்றின் நஷ்டம் நேரடியாக மாநில பட்ஜெட்டில் ஏறாது. பேருந்துக் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். டீசல் விலை அங்கேயே நின்றுகொண்டிருக்கவில்லை. பெண்களின் கட்டணமில்லாப் பயணத்துக்கு அரசு மானியம் கொடுக்கிறது, 2025-26-இல் 3,600 கோடி ஒதுக்கீடு, அது நியாயமாக பட்ஜெட்டில் வெளிப்படையாக இருக்கிறது. மற்ற டிக்கெட்டுகளில் விழும் இடைவெளி கழகத்தின் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. ஓய்வு பெற்ற ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அகவிலைப்படி நிலுவைக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியது இந்த இடைவெளியின் இன்னொரு முகம்.

இந்த நோட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தே தீரும். 2017 ஜனவரியில், மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் 22,815 கோடியை மாநிலம் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. பிறகு, மாநிலப் பொருளாதாரத்தின் மதிப்பில் கூடுதலாக அரை சதவீதம் கடன் வாங்க வேண்டுமென்றால் மின்வாரிய நஷ்டம் முழுவதையும் மாநிலமே ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு நிபந்தனை போட்டது. அதற்காக 2023-24-இல் மட்டும் ஒதுக்கியது 17,117 கோடி. மகளிர் உரிமைத்தொகையின் முழு ஆண்டுச் செலவைவிட இது அதிகம், இதைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசுவதில்லை.

கேரளம் இதே வழியில் கிஃப்பி என்ற தனி அமைப்பு மூலம் கடன் திரட்டிச் சாலையும் பள்ளியும் கட்டியது. அந்தக் கடனையும் மாநிலத்தின் வரம்புக்குள் சேர்ப்போம் என்றது டெல்லி. கேரளம் உச்ச நீதிமன்றம் போனது, 293-ஆவது பிரிவுக்கு என்ன பொருள் என்ற கேள்வி 2024 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

6. அடுத்தவர் தலையில் இறக்குவது, நல்ல அர்த்தத்தில்

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 63,246 கோடித் திட்டம். பல ஆண்டுகள் இது மாநிலத் திட்டமாகவே நடந்தது, செலவில் ஏறக்குறைய 90 சதவீதம் மாநிலத்தின் பொறுப்பு. 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை இதை மத்தியத் துறைத் திட்டமாக ஏற்றது. 33,593 கோடி வெளிநாட்டுக் கடன் மத்திய அரசின் கணக்குக்குப் போனது, பங்கு மூலதனமாகவும் சார்நிலைக் கடனாகவும் (மற்றக் கடன்களுக்குப் பிறகு அடைக்கும் கடன்) இன்னொரு 7,425 கோடி. தண்டவாளத்தில் ஒரு போல்ட்கூட மாறவில்லை. மாநிலத்தின் கடன் வரம்பில் மட்டும் மூச்சுவிட இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால், பட்டியலில் உள்ள எல்லா வழிகளிலும் யாருக்கும் வலிக்காமல் பெரிய தொகை தந்த வழி இதுதான், அதுவும் மாநிலம் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாங்கியது.

கத்தி எதிர்ப்பக்கமும் வெட்டும். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராததால், 2024-25-இல் பள்ளிக் கல்விக்கு அது தரும் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி வரவில்லை. சேவையைக் குறைக்காமல் இருக்க அந்தப் பள்ளிச் செலவை மாநிலமே போட வேண்டியிருந்தது.

7. சொத்தை விற்பது

தமிழ்நாட்டில் இது பெரிதாக நடக்கவில்லை, அதனால் சுருக்கமாக. அமெரிக்காவின் அரிசோனா 2010-இல் சட்டமன்றக் கட்டடங்களையே முதலீட்டாளர்களிடம் விற்று, அதிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. சிகாகோ நகரம் 2008-இல் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு 115 கோடி டாலருக்குக் கொடுத்தது, பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் கரைந்தது, குத்தகை 2083 வரை இருக்கிறது.

வளர்ச்சி என்ற நம்பிக்கை

இவ்வளவுக்குப் பிறகும் பட்ஜெட்டைத் தாங்கி நிற்கும் பெரிய தூண் வேறு. பொருளாதாரம் வளர்ந்தால் அதே வரி விகிதத்தில் வசூல் தானாக ஏறும். இது உண்மை, கௌரவமான வழியும்கூட. 2024-25-இல் சொந்த வரி வருவாய் 1,92,752 கோடி என்று திருத்தி மதிப்பிட்டு, 2025-26-க்கு 2,20,895 கோடி என்று எழுதினார்கள். 14.6 சதவீத ஏற்றம், ஏறக்குறைய 28,000 கோடி. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு, 4,832 கோடி எங்கிருந்து வந்தது என்பதற்கு, பெரிய பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த ஏற்றம் 14.6-க்குப் பதில் 10 சதவீதமாக நின்றால் கிட்டத்தட்ட 8,900 கோடி குறையும், பற்றாக்குறை இறங்குவதற்குப் பதில் ஏறும்.

அப்படிக் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது எங்கே என்பதும் தெரிந்த கதைதான். கட்டாத பாலத்துக்காக யாரும் மறியல் செய்வதில்லை. அதனால் ஆண்டின் கடைசி மாதங்களில் மூலதனச் செலவில்தான் பேனா ஓடும், ஒப்பந்தக்காரரின் பில் அடுத்த ஆண்டுக்குப் போகும். 2025-26-இல் மூலதனச் செலவுக்கு 57,231 கோடி ஒதுக்கினார்கள், முந்தைய ஆண்டைவிட 22 சதவீதம் அதிகம், பாராட்ட வேண்டியதுதான். பக்கத்திலேயே வட்டிக்கான 70,754 கோடியையும் வைத்துப் பாருங்கள்.

அடுத்த பட்ஜெட்டை எங்கிருந்து வாசிப்பது?

உரையை விடுங்கள், அதோடு தரும் அட்டவணைகளில் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று நெடுவரிசைகளைப் பாருங்கள். வரும் ஆண்டுக்கான மதிப்பீடு, நடப்பு ஆண்டுக்கான திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு. செய்திகள் முதல் இரண்டையும் ஒப்பிட்டே எழுதப்படும். மூன்றாவதுதான் நடந்தது. 2022-23-இன் வருவாய்ப் பற்றாக்குறை 30,476 கோடி என்று 2023 மார்ச்சில் திருத்திய மதிப்பீடாக வாசிக்கப்பட்டது. தணிக்கை முடிந்து கணக்கு வந்தபோது அது 36,215 கோடி. நடுவில் 5,739 கோடி வித்தியாசம், அதற்குள் வேறு பட்ஜெட் வந்துவிட்டிருந்தது.